ஏழு கோல் வாங்கினோம், கொடி என் கையில் இருந்தது

தாம்பரத்தில் வண்டி ஏறியபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் தாண்டுவதற்குள் ஒருவரும் மற்றவரைப் பேசவிடவில்லை.

அந்த மின்சார ரயில் பெட்டியில் நாங்கள் இருபது பேர் இருந்திருப்போம். ஆடியவர்கள் பாதி, பார்க்கப் போனவர்கள் பாதி. பூட்சுகளிலிருந்து உதிர்ந்த செம்மண் பெட்டியெங்கும் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குடும்பத்தோடு வந்தவர்கள் எங்கள் வியர்வையும் தைல வாசனையும் பொறுக்காமல் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

மணி அண்ணன் ஒரு பொட்டலம் வேர்க்கடலையைச் சீட்டின் மேல் கொட்டினார். பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பந்தைக் காலால் தொட்டதே இல்லை. ஆனால் எங்கள் டீம் ஆடிய ஒரு மேட்ச்சையும் விட்டதில்லை.

"இது கோலி சேகரு. இது ரைட் பேக்கு தாஸு. இது லெஃப்ட் பேக்கு. நடுவுல ரெண்டு ஸ்டாப்பரு, ஒண்ணு நம்ம ஜாகீரு" என்று கடலைகளை வரிசையாக வைத்தார். "இப்ப பாரு. பந்து இங்க கீது. தாஸு எங்க கீறான்?"

"அங்கதாண்ணா இருந்தேன்" என்றான் தாஸ்.

"நீ இன்னா இருந்த? நடுவுல நின்னு வேடிக்கை பாத்துகினு இருந்த." தாஸாக இருந்த கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "தோ, இப்டித்தான் இருந்துச்சு நம்ம ரைட் சைடு. ஒண்ணுமே இல்ல."

சிலர் சிரித்தார்கள். தாஸ் சிரிக்கவில்லை. கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜாகீரும் சிரிக்கவில்லை.

ஏழுக்கு நாலு. அரையிறுதி. ஒன்றுக்கு சைபர் என்று தோற்றால் துக்கம் விசாரிக்கிற மாதிரி யாராவது தோளைத் தட்டுவார்கள். நாலு கோல் போட்டுவிட்டுத் தோற்றவனை என்ன சொல்லித் தேற்றுவது என்று யாருக்கும் தெரிவதில்லை.

நான் ஜாகீர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். குரோம்பேட்டையில் கூட்டம் ஏறி எங்களைக் கதவோடு நெருக்கியபோது அவன் என்னிடம் ஒன்று கேட்டான். நான் அதற்குச் சொன்ன பதிலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். நேராக அதற்குள் போக மனம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருகிறேன்.

பெயருக்கு முன்னால் வந்த பட்டம்

கல்லூரியில் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் எழுதியபோது, ஊரில் என்னை எல்லோரும் 'பி.ஏ.' என்று கூப்பிட்டதைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். பட்டம் வாங்குவதற்கு முன்பே வந்துவிட்ட பெயர் அது. முதல் வருஷம் படிக்கும்போதே மணி அண்ணன் வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் கிடையாது. அப்பா திரிசூலத்தில் கல் உடைத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையை உதறுவார், வாசலில் வெள்ளையாகப் பொடி விழும். நான் உரக்கப் படித்தால் அந்தப் பொடியைக்கூட உதறாமல் நின்று கேட்பார். ஒரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்காது. பாதி எனக்கே புரிந்ததில்லை.

தெருவுக்கும் நான்தான் வாசகன். துபாயிலிருந்து வரும் கடிதம், ரேஷன் கார்டில் என்ன எழுதியிருக்கிறது, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் என்னிடம் வரும். நான் வாசித்தால் வாசித்ததுதான். சரியா தப்பா என்று திருப்பிப் பார்க்க அந்தத் தெருவில் இன்னொருவர் இல்லை.

அந்த வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது.

லேட்டாக வருகிறவன் பேக்கு

எங்கள் டீமின் பின்வரிசை ஏன் எப்போதும் ஓட்டையாக இருந்தது என்று மணி அண்ணன் கடை வாசலில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். லெஃப்ட் பேக்குக்கு இடது கால் வராது, தாஸ் முன்னால் போனால் திரும்பி வரமாட்டான், உயரப் பந்துக்கு எவனும் தலை கொடுக்கமாட்டான் என்று ஆளுக்கொரு காரணம்.

உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டார்கள். மைதானத்துக்கு முதலில் வருகிறவன் முன்வரிசையை எடுத்துக்கொள்வான். அடுத்து வருகிறவன் நடுவில். கடைசியில் வருகிறவனுக்கு மிஞ்சுவது பின்வரிசை. அதுதான் எங்கள் வழக்கம்.

கடைசியில் வருகிறவர்கள் யார்? ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள். ஜாகீர் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடுகிற வேலை பார்த்தான். தாஸ் ஒரு லேத் பட்டறையில் நாளெல்லாம் நின்றான். லெஃப்ட் பேக்கு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். வேலைக்குப் போகாதவர்களும் மாணவர்களும் முன்னால் நின்று கோல் போட்டார்கள். எட்டு மணி நேரம் உடம்பை முறித்தவர்கள் பின்னால் நின்று அவற்றைக் காப்பாற்ற வேண்டும். எங்கள் ஸ்கோர்கள் எப்போதும் நாலுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து என்று இருந்ததற்கு வேறு ரகசியம் கிடையாது.

ஜாகீர் மட்டும் விதிவிலக்கு. லேட்டாக வந்து ஸ்டாப்பர் ஆனவன் கடைசியில் அந்த இடத்துக்கென்றே பிறந்தவன் மாதிரி ஆகிவிட்டான். அவன் பந்தைத் துரத்தமாட்டான். பந்து வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே நிற்பான். எதிரணிக்காரன் தானாக வந்து அவன் காலில் பந்தைக் கொடுத்துவிட்டுப் போவதுபோல இருக்கும்.

அவனைப் பற்றித்தான் யாரோ சொல்லி, ஒரு பெரிய அலுவலகத்தின் டீமுக்கு ஆள் எடுக்கிறவர் தாம்பரத்து அரையிறுதிக்கு வருவதாகத் தகவல் வந்தது. விளையாட்டுக் கோட்டாவில் நிரந்தர வேலை. ஜாகீருக்கு அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது.

"இதான் மச்சான் கடைசி வண்டி" என்றான் என்னிடம். சுண்ணாம்பு தின்ற விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே சொன்னான். "இத்த வுட்டா, தொட்டிலயே ஊற வேண்டியதுதான்."

ஓடாமல் தடுக்கிற வித்தை

அவனுக்கு உதவ வேண்டும் என்றுதான் கல்லூரி நூலகத்தில் தேடினேன். கால்பந்து பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அட்டை பிய்ந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தேன். அதில் ஆஃப்சைடு பொறி என்று ஒன்று இருந்தது.

விஷயம் எளியது. எதிரணி முன்னால் பந்தைத் தட்டுகிற அதே நொடியில், அதை வாங்கப் போகிறவன் நம் பின்வரிசையின் கடைசி ஆளைத் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார், ஆட்டம் நிற்கும். ஆகவே பந்து தட்டப்படுவதற்குச் சற்று முன் நம் ஆட்கள் நால்வரும் ஒன்றாக இரண்டடி முன்னே வந்துவிட்டால், அவன் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான்.

மணி அண்ணன் கடை வாசலில் சைக்கிள் பெல் மூடிகளை வைத்து நான் இதை விளக்கினேன்.

"அப்ப அவனத் தொரத்த வேணாமா?" என்று கேட்டான் தாஸ்.

"வேண்டாம்."

"ஓடவே வேணாம்?"

"ரெண்டு அடி முன்னால வரணும். அவ்வளவுதான். ஆனா நாலு பேரும் ஒண்ணா வரணும். ஒருத்தர் பின்னால நின்னாலும் போச்சு."

ஷிஃப்ட் முடிந்து வந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகங்களில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. அவர்களுக்கு ஓடாமல் இருக்க வழி சொன்னவன் அதுவரை யாருமில்லை.

"படிச்சவன் படிச்சவன்தான்டா" என்றார் மணி அண்ணன்.

ஜாகீர் கை தூக்க வேண்டும், அதைப் பார்த்து மற்றவர்கள் முன்னே வர வேண்டும் என்று ஏற்பாடு. மூன்று வாரம் பழகினார்கள்.

எங்கள் ஆள், எங்கள் பக்கம்

அந்தப் போட்டியில் ரெஃப்ரியை மட்டும்தான் நடத்துகிறவர்கள் தருவார்கள். கோட்டோரம் கொடி பிடிக்க ஒவ்வொரு கிளப்பும் ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். எங்கள் சார்பில் நான்.

"பி.ஏ. போவட்டும். ரூல்ஸ் தெரிஞ்ச ஆளு" என்று ஜாகீர்தான் சொன்னான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு லைன்ஸ்மேன் மைதானத்தின் ஒரு பாதியைத்தான் பார்ப்பார். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும், கொடிக்காரர்கள் மாறமாட்டார்கள். டாஸ் ஜெயித்த ஜாகீர், முதல் பாதியில் எதிரணியின் கோல் என் பக்கமும், இரண்டாம் பாதியில் எங்கள் கோல் என் பக்கமும் வருகிற மாதிரி திசை எடுத்தான். எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நானும் காட்டினேன்.

அந்த ஒரு நொடியில் நாங்கள் இரண்டு வேறு விஷயங்களுக்குச் சம்மதித்துக்கொண்டோம். இருவருக்கும் அது தெரியாது. ரூல்ஸ் தெரிந்தவன் தன் வரிசையைக் கவனமாகப் பார்ப்பான் என்பது நான் புரிந்துகொண்டது. ஜாகீர் கை தூக்கினால் பி.ஏ. கொடி தூக்குவான் என்பது டீம் புரிந்துகொண்டது. யாரும் வாயால் பேசிக்கொள்ளவில்லை. பேச என்ன இருக்கிறது என்றுதான் இரண்டு தரப்பும் நினைத்தோம்.

முதல் பாதியில் எங்கள் கோல் பக்கம் எதிரணியான வடசென்னை டீமின் ஆள் கொடியோடு நின்றான். அவர்களுடைய இரண்டாவது கோல் சுத்தமான ஆஃப்சைடு. அவன் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூக்கைத் துடைத்தான். எங்கள் ஆட்கள் கத்தித் தீர்த்தார்கள். இருந்தாலும் இடைவேளையில் நாங்கள் மூன்று, அவர்கள் இரண்டு.

எலுமிச்சைத் தண்ணீரை நீட்டியபடி மணி அண்ணன் என் காதருகே வந்தார். "இப்ப நம்ம டர்னு" என்றார். ஆட்டத்தில் எங்கள் முறை என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

இரண்டாம் பாதி

முதல் தடவை பொறி வேலை செய்தது. ஜாகீர் கை உயர்ந்தது, நால்வரும் முன்னே வந்தார்கள், அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு தனியாகப் பின்னால் நின்றான். கொடியைத் தூக்கினேன். விசில். எங்கள் கூட்டம் எழுந்து நின்று கூவியது. சஃபாரி சூட் போட்ட தேர்வாளர் மடியிலிருந்த காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். புத்தகத்தில் இருந்த படம் செம்மண்ணில் எழுந்து நடப்பதுபோல எனக்கு இருந்தது.

அடுத்த தடவை தாஸ் வரவில்லை. மற்ற மூவரும் முன்னே வந்தார்கள். அவன் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஜாகீர் கை மேலே இருந்தது. என் கொடி கீழே இருந்தது. ஆஃப்சைடு இல்லை. நான் தெளிவாகப் பார்த்தேன். கோல்.

"டேய் பி.ஏ., கண்ணு இன்னா பொட்டையா?" கூட்டத்தில் ஒரு குரல்.

திரும்பவும் அதே மாதிரி ஒன்று. இந்தத் தடவை லெஃப்ட் பேக்கு. நாலுக்கு மூன்று என்று பின்தங்கினோம். பிறகு எங்கள் பையன்கள் ஒன்று போட்டார்கள். நாலுக்கு நாலு.

அந்தச் சமநிலையில்தான் அது நடந்தது. நடுவட்டத்தில் அவர்களுடைய ஆள் பந்தோடு தலை நிமிர்ந்தான். ஜாகீர் கை தூக்கினான். தூக்கிய கையோடு பந்தைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் முகத்தில் கோபம் இல்லை. கேள்விதான் இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. டாஸ், கட்டைவிரல், நம்ம டர்னு, எல்லாம். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பந்து தட்டப்பட்ட சத்தம் கேட்டது. நான் வரிசையைப் பார்க்கவில்லை.

பார்வையைத் திருப்பியபோது அவர்களுடைய ஆள் பந்தோடு சேகரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். எங்கிருந்து புறப்பட்டான் என்று எனக்குத் தெரியாது. தெரியாதபோது கொடியைத் தூக்கக் கூடாது என்று புத்தகம் சொன்னது. தூக்கவில்லை. ஐந்துக்கு நாலு.

அதன் பிறகு பின்வரிசை என்று ஒன்று இல்லை. ஒருவன் முன்னே வந்தான், ஒருவன் பின்னே ஓடினான், ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டார்கள். ஆறாவது கோலின்போது ஜாகீர் பெனால்டி பகுதிக்கு வெளியே கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். தேர்வாளர் பார்த்தது அதைத்தான்: எதிரி பக்கத்தில் ஓடும்போது ஆகாயத்துக்குக் கை காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு ஸ்டாப்பர்.

குரோம்பேட்டையில் கேட்டது

இனிச் சுற்ற வழியில்லை.

குரோம்பேட்டையில் கூட்டம் நெருக்கியபோது ஜாகீரின் தோள் என் தோளோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் மணி அண்ணன் ஆறாவது கோலுக்குக் கடலை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான்" என்றான் தணிந்த குரலில். "அந்த அஞ்சாவது. ஆஃப்சைடா, இல்லியா?"

தெரியாது, நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தைகள். ஆனால் ரூல்ஸ் தெரிந்தவன், தெருவுக்கே படித்துச் சொல்கிறவன், கொடியைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

"இல்ல" என்றேன்.

"யாரு பின்னால இருந்தது? தாஸா?"

தாஸ் எதிர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் பெயரைச் சொன்னால் எழுந்து சண்டைக்கு வருவான். லெஃப்ட் பேக்கும் விடமாட்டான். நான் சொல்வதை எதிர்த்துப் பேசாத ஆள் அந்தப் பெட்டியில் ஒருவன்தான் இருந்தான்.

"நீதான் ஜாகீர். ஒரு அடி பின்னால இருந்த."

அவன் கதவுக்கு வெளியே பார்த்தான். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் ஒன்று தாழ்வாகப் போனது.

"அப்டியா" என்றான். "நான் முன்னால வந்துட்டேன்னு நெனச்சேன்."

ஒரு வேலை கிடைத்தது

ஒரு மாதம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து எங்கள் டீமுக்கு உண்மையாகவே கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். சேகரை எடுத்திருந்தார்கள். ஏழு கோல் வாங்கிய கோலியை. பின்வரிசை திறந்துகிடந்த அந்த நாற்பது நிமிடத்தில் அவன் தனி ஆளாக ஏழெட்டு பந்துகளைப் பிடித்திருந்தான். தோல்வி துக்கத்தில் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வந்தவர் கவனித்திருக்கிறார்.

மணி அண்ணன் கடையில் பன்னும் டீயும் வாங்கி சேகரை வழியனுப்பினோம். ஜாகீர்தான் அவனுக்கு முதலில் மாலை போட்டான். டீ குடித்து முடிப்பதற்குள் பேச்சு பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"அந்த அஞ்சாவதுக்கு மட்டும் நம்மாளு கொடியத் தூக்கியிருந்தா, ஜாகீருக்கும் சேத்து ரெண்டு மாலை வாங்கியிருப்போம்" என்றார் மணி அண்ணன். என் பக்கம் அவர் திரும்பவில்லை. அதற்கு அவர் என்னை நேராகப் பார்த்தே சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"பேஜார் பண்ணாதண்ணா" என்றான் ஜாகீர். "அவன் இன்னா பண்ணுவான்? நான்தான் ஒரு அடி பின்னால இருந்தேன். நான்தான் லைன ஒடச்சேன். பாத்தவன் அவன். நம்ம டீமுன்னு பாக்காம சொன்னான் பாரு, அதுக்கு ஒரு இது வேணும்." என்னைப் பார்த்தான். "சொல்லு மச்சான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாஸும் பார்த்தான். அவன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி தெரிந்தது.

என் வாயில் பன் இருந்தது. தலையை ஆட்டினேன்.

ஜாகீர் அதன் பிறகு ஸ்டாப்பராக நிற்கவில்லை. சில ஞாயிறுகளில் வந்து கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். பிறகு அதுவும் நின்றது. சில வருஷங்களில் தோல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடியபோது அவன் இருந்த கம்பெனியும் மூடிவிட்டது.

சில மாதங்களுக்கு முன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவனைப் பார்த்தேன். பழைய மின்விசிறிகளும் இரும்புச் சாமான்களும் குவித்திருக்கிற வரிசையில் ஒரு கடைக்காரரிடம் கூலிக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவியிடம் என்னைக் காட்டினான்.

"நான் சொல்வேன்ல, பி.ஏ.ன்னு. இவருதான். சொந்த டீமுக்கே கொடி தூக்காம நின்னவரு. நாயமான ஆளு."

அந்தப் பெண் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு மரியாதையாகச் சிரித்தார். "உங்களப் பத்தி சொல்லிகினே இருப்பாருண்ணா" என்றார்.

"இல்ல ஜாகீர், அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவன் என் தோளில் கை போட்டான். "அட வுடு மச்சான்" என்றான். "நீ ஏன் இன்னும் அத நெனச்சி வருத்தப்படுற. தப்பு என்னுதுதானே."